பதில் வருகிறதா?

புணேயின் வானவடியில் எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் வாட்ஸ்அப் குழு விடியும் முன்பே விழித்துவிடும். பூ, சூரியன், கணபதி என்று வணக்கப் படங்கள் வரிசையாக வரும். இரவு படுக்கும்வரை போன் அதிர்ந்துகொண்டே இருக்கும். நம் குழுபோல் சுறுசுறுப்பான குழு இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று கூட்டத்தில் அட்மின் பெருமையாகச் சொன்னார். கோடையில், புதிதாகக் குடிவந்த வயதான அம்மா ஒருவர், "இன்று தண்ணீர் டேங்கர் வருமா?" என்று குழுவில் கேட்டார். ஒருவரும் பதில் போடவில்லை. அடுத்து வந்த படங்களுக்குள் அந்தக் கேள்வி புதைந்துபோனது. மாலையில் அவர் வாளியோடு கீழே இறங்கி வந்து வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

2006 வாக்கில் நான் இந்தப் பகுதிக்கு வந்தபோது எனக்கு ஆர்குட் என்ற சமூக வலைத்தளம்தான் துணை. புணேத் தமிழர்கள் சிலர் அதில் ஒரு சிறு குழு வைத்திருந்தார்கள். வாரத்துக்கு நாலைந்து பேச்சு நடந்தால் அதிகம். புழுங்கல் அரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். மாலைக்குள் பதில் வந்தது: ராஸ்தா பேட்டைக்குப் போங்கள். பதில் எழுதியவர் ராணுவ மருத்துவக் கல்லூரிப் பக்கம் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவரே தன் ஸ்கூட்டரில் கூட்டிப்போய்க் கடையைக் காட்டினார். 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட்டை மூடிவிட்டார்கள். அவரோடு உண்டான பழக்கம் இன்றும் நிற்கிறது.

இணையக் குழுக்களில் பெரும்பாலோர் பேசமாட்டார்கள் என்பது தெரிந்த செய்திதான். நூற்றில் தொண்ணூறு பேர் படிப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், மீதி ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுகிறார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-லேயே எழுதினார். ஆகவே மௌனத்தை நோய் என்று சொல்ல மாட்டேன். இரைச்சலை ஆரோக்கியம் என்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதிதாக வந்தவர் கேட்டால் பதில் வருகிறதா? எப்போதும் ஒருவரே பதில் சொல்கிறாரா, அவர் மாற்றலாகிப் போனால் வேறு ஆள் உண்டா? பராமரிப்புக் கட்டணத்தை எதிர்த்துப் பேசியவர் அடுத்த மாதமும் குழுவில் இருக்கிறாரா? விலகியவர்களிடம் ஏன் விலகினீர்கள் என்று யாராவது கேட்டதுண்டா? நான் பார்ப்பது இவற்றைத்தான். கடைசிக் கேள்வியை எந்தக் குழுவிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இவற்றைவிட முக்கியமானது, பொய் வந்தால் தடுக்க ஆள் உண்டா என்பது. 2018 ஜூலை 1 அன்று இதே மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில், ராயின்பாடா கிராமத்தில், பிழைப்புக்காக வந்த நாடோடிச் சமூகத்தார் ஐவரைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று சந்தேகித்து ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. பிள்ளை பிடிப்பவர்கள் திரிகிறார்கள் என்ற புரளி அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மாதமே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தப்போவதாக வாட்ஸ்அப் அறிவித்தது. ஆனால் 2016-ல் 256 பேராக இருந்த குழு வரம்பை 2022-ல் 1,024 ஆக்கியது. உறுப்பினர் போடும் பதிவுக்கு, அதில் தனக்குப் பங்கு இல்லாத அட்மின் பொறுப்பல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-ல் சொன்னது. சட்டப்படி அது நியாயம்தான். அதற்காக, "இது பொய், எடுத்துவிடுங்கள்" என்று எழுதும் கடமை நமக்கு இல்லாமல் போகாது.

உங்கள் குடியிருப்புக் குழுவைத் திறந்து, சென்ற வாரம் பதில் கிடைக்காமல் போன ஒரு கேள்வியைத் தேடுங்கள். கிடைத்தால், கேட்டவருக்கு இன்றே பதில் எழுதிவிடுங்கள்.