ட்யூப் துறந்தவர்

அப்புத்தளையில் துறவிகள் இரண்டு வகை. முதல் வகையினர் ஆதிஷாம் பங்களாவில் இருக்கிறார்கள். சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அந்தக் கல் மாளிகை இப்போது புனித பெனடிக்ட் சபையாரின் மடம். அவர்கள் உலகத்தைத் துறந்து, ஜேம் செய்து விற்று, தம் பாட்டில் இருக்கிறார்கள். இரண்டாம் வகையினர் சைக்கிள் டயருக்குள் கிடந்த ட்யூபைத் துறந்தவர்கள். இவர்கள் எதையும் விற்பதில்லை. ஆனால் தம் பாட்டில் இருக்கவும் மாட்டார்கள்.

ட்யூப் துறந்தவரை அடையாளம் காண்பது சுலபம். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். வயிறு பெல்ட்டைத் தாண்டியிருக்கும். தோட்டப் பாடசாலையில் ஆசிரியர், வங்கியில் எழுதுவினைஞர், டவுனில் மருந்துக்கடை என்று கௌரவமான தொழில் ஏதாவது ஒன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆள் மாறிவிடுவார். 2022இல் நாட்டில் டொலரும் பெற்றோலும் ஒன்றாக வற்றியபோது, மோட்டார் சைக்கிளை மூலையில் நிறுத்திவிட்டு வாங்கியதுதான் இந்தச் சைக்கிள். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த, 26 அங்குலச் சக்கரம் கொண்ட மலைச் சைக்கிள். பிறகு பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்தது, வரிசை குறைந்தது. மற்றவர்கள் சைக்கிளைத் தாழ்வாரத்தில் சாய்த்து அதன்மேல் துணி காயப்போடத் தொடங்கிவிட்டார்கள். இவர் மட்டும் இறங்கவில்லை.

இவருக்கும் ட்யூபுக்கும் பகை மூண்ட இடம் லிப்டன் சீட் பாதை. டவுனிலிருந்து தம்பேத்தன்ன தொழிற்சாலைக்குப் பத்துக் கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து தேயிலை மலைகளுக்கூடாக ஏழு கிலோமீட்டர் ஏற்றம். 1890இல் அந்தத் தொழிற்சாலையைக் கட்டிய தோமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,970 மீட்டர் உயரம். தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் கல் பதித்தவர்கள் யாரும் சைக்கிளை மனதில் வைத்துப் பதிக்கவில்லை. கவ்வாத்து முடிந்த மலையென்றால் வெட்டுப்பட்ட தேயிலைக் குச்சிகள் வேறு. கத்தி சாய்வாக இறங்குவதால் முனை கூராகவே இருக்கும்.

ட்யூபில் காற்றைக் குறைத்து ஓட்டினால், கல் அதை ரிம்மோடு வைத்துக் கடித்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை போடும். சைக்கிள்காரர்கள் இதைப் பாம்புக்கடி என்பார்கள். காற்றை 40 பிஎஸ்ஐக்கு ஏற்றினால் ஓட்டை விழாது, பல் விழும். ட்யூபையே எடுத்துவிட்டால் கடிபட எதுவும் இல்லை. 25 பிஎஸ்ஐ அளவில் டயர் கல்லின்மேல் படிந்து போகும். குச்சி குத்தினாலும் உள்ளே ஊற்றிய பால் ஓடிவந்து, உறைந்து, ஓட்டையை அடைத்துவிடும். விஷயம் இவ்வளவுதான். இவ்வளவையும் சொல்ல அவருக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும்.

அவர் துறவு பூண்ட நாளை லொறி டயர் கடைத் தெரு இன்னும் மறக்கவில்லை. பழைய ரிம், ட்யூப் இல்லாத டயருக்கென்று செய்ததல்ல. ஸ்போக் கம்பித் துளைகளையெல்லாம் காற்றுப் புகாத டேப்பால் சுற்றி மூட வேண்டும். தனி வால்வை வைத்து இறுக்க வேண்டும். டயரின் விளிம்பில் சவர்க்காரத் தண்ணீர் பூச வேண்டும். அதற்குப் பிறகு காற்று, அதுவும் ஒரேயடியாக. மெதுவாக அடித்தால் விளிம்பு ரிம்மில் போய் உட்காராது. முதலில் கைப்பம்பால் அடித்துப் பார்த்தார். அடித்த காற்றெல்லாம் வெளியே வந்து அப்புத்தளைக் காற்றோடு சேர்ந்துகொண்டது. ஏற்கெனவே காற்றுக்குப் பஞ்சமில்லாத ஊர். கடைசியில் சக்கரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு லொறி டயர் கடைக்கு நடந்தார். கம்ப்ரசர் குழாயை வைத்ததுதான் தாமதம், டப், டப் என்று இரண்டு வெடி. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். டயர் கடைப் பையன் குனிந்தான். இவருக்கு மட்டும் முதற்பிள்ளை பிறந்த சேதி கேட்டவரின் முகம்.

அந்தப் பாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாட்டில் டயருக்குப் பால் வார்க்கிறாரே என்று வீட்டம்மா முதலில் திகைத்தார். அது ரப்பர் பால். சில போத்தல்களைத் திறந்தால் அமோனியா மூக்கில் ஏறும். ரப்பர் வெட்டுகிறவர்கள் பால் சீக்கிரம் உறையாமலிருக்கக் கலப்பதும் அதே அமோனியாவைத்தான். 1876இல் ஹென்றி விக்கம் அமேசன் காட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த சுமார் 1,900 கன்றுகள் அதே வருடம் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. கம்பஹாவில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டார்கள். ஆசியாவில் ரப்பர் வேர்விட்ட மண் அது. ஊவாவிலேயே மொனராகலைப் பக்கம் ரப்பர்த் தோட்டங்கள் நிற்கின்றன. அப்படியிருக்க, சக்கரத்துக்கு நூறு மில்லிலீட்டர்கூட வேண்டாத பாலுக்கு நம்மவர் வெளிநாட்டுப் போத்தலைத் தேடுகிறார். குற்றம் அவருடையதல்ல, சிரிப்புத்தான் அடங்கவில்லை. விலையைக் கேட்ட தோட்டத்து ஆட்கள் அதை ரூபாயில் யோசிப்பதில்லை. எத்தனை பேர் போட்டால் ஒரு போத்தல் வரும் என்று நாட்கூலியில் கணக்குப் பார்க்கிறார்கள்.

தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ வருமுன்னே பிரசங்கம் ஆரம்பித்துவிடும். 1887இல் பெல்ஃபாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லப், மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தாராம். அது சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததால், பஞ்சரானால் பிரித்து ஒட்டிக் காயவைப்பது பெரும்பாடாம். கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891இல் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் கொண்டுவந்தார்களாம். அந்த வருடமே சார்ல் தெரோன் அதைப் பூட்டி, பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் ஓட்டத்தில் முதலாவதாக வந்தாராம். ட்யூபைக் கையிலெடுத்து ஒட்டும் வசதியைத் தந்த அதே மிஷலின், 1999இல் மாவிக், ஹட்சின்சன் கம்பனிகளோடு சேர்ந்து மலைச் சைக்கிளுக்கு ட்யூபே வேண்டாம் என்றதாம். 2001இல் அமெரிக்காவில் ஸ்டான் கொஸியாட்டெக் என்பவர், பழைய ரிம்மையும் டேப் சுற்றிப் பால் ஊற்றி மாற்றிக்கொள்ளலாம் என்று வியாபாரம் தொடங்கினாராம். இந்த வரலாற்றில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பக்கத்து மேசைக்காரர் கேட்டது, "சேர், பண்டாரவளை பஸ் போயிருச்சா?" என்பது மட்டுந்தான்.

விஞ்ஞானமும் உண்டு. லிப்டன் சீட்டுக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயரின் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்று சொல்லி, பையிலிருந்து மானியை எடுப்பார். கூடுவது ஒரு பிஎஸ்ஐக்கும் குறைவு. மானியைச் சொருகி எடுக்கும்போது அந்தக் கூடுதலில் பாதி 'ஸ்ஸ்' என்று போய்விடும்.

இவரிடம் வாயைக் கொடுத்துத் தப்பியவர் ஒருவர்தான்: தண்ணீர்ச் சட்டியும் சொலூஷன் ட்யூப்புமாகக் காலங்காலமாகப் பஞ்சர் ஒட்டும் பெரியவர்.

"அண்ணே, இனி ஒட்டுற வேலையே இல்ல. ட்யூப்ப எடுத்தாச்சு."

"நல்லதுங்க சேர். அப்ப ஒருவாட்டி ஊத்துனா போதுமா?"

"அது... ரெண்டு மூணு மாசத்துல காஞ்சிரும். திரும்ப ஊத்தணும்."

"என் ஒட்டு காயத்தான் செய்யும் சேர். காஞ்ச பொறவுதான் புடிக்கும். போன தீவாளிக்கு முந்தின தீவாளிக்குப் போட்டது இன்னும் நிக்கிது."

எடை குறையும் என்பது ட்யூப் துறந்தவர் கடைசியாக எடுக்கும் ஆயுதம். அதுவும் மெய்தான். ஒரு ட்யூப் ஏறக்குறைய 200 கிராம். அதற்குப் பதிலாக ஊற்றும் பால் அதில் பாதி. இரண்டு சக்கரத்திலும் சேர்த்து 200 கிராம் மிச்சம். பிறகு அவருடைய பையைத் திறந்து பார்த்தால் ஒரு சிறிய பால் போத்தல், பெரிய ஓட்டைக்குள் ஊசியால் திணிக்கும் ரப்பர்த் திரிகள், பம்ப், டேப் சுருள், பெற்றோல் செட்டில் காற்றடிக்க வால்வின்மேல் பூட்டும் பித்தளைத் துண்டு, மானி. அடியில், செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றியபடி ஒரு ட்யூப். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் பாலும் திரியும் கைவிட்டுவிடும். அப்போது வீடு சேர்க்கப் பழைய ட்யூபைத்தான் உள்ளே போட வேண்டும். இதை அவர் மறைப்பதில்லை. கேட்டால் மட்டும் சொல்வார். அவர் கேட்டால் மட்டும் சொல்லும் ஒரே விஷயம் இது.

ஆனாலும் நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். லிப்டன் சீட்டிலிருந்து மழை ஈரத்தில் இறங்கும்போது அவர் பின்னால் போனவர்களுக்குத் தெரியும்: மற்றவர்கள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கல்லுக்குக் கல் துள்ளுகிற வளைவுகளில் அவருடைய டயர் ஒட்டிக்கொண்டு போகும். கவ்வாத்து மலைக்குள் புகுந்து வெளியே வந்தால் டயரில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி காய்ந்திருக்கும். ஒவ்வொன்றும் அடைபட்ட ஓர் ஓட்டை. அதைத் தொட்டுக் காட்டும்போது மட்டும் அவர் அதிகம் பேசுவதில்லை. பேசத் தேவையும் இல்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் தார் வீதியில் மட்டும் போய் வருகிறவருக்கு ட்யூபே தாராளம். பெரியவருக்கும் பிழைப்பு ஓடும். தோட்டப் பாதையில் கல்லும் குச்சியும் பார்த்து ஓட்டுகிறவர் தயங்காமல் மாற்றலாம். டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள், சில மாதத்துக்கு ஒருமுறை பாலைப் பாருங்கள், பையில் ஒரு ட்யூப் இருக்கட்டும். மற்ற நுணுக்கங்களை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். கடைசி பஸ் நேரத்தில் மட்டும் கேட்க வேண்டாம்.