இதையெல்லாமா படிக்கிறீங்க?

அடுத்தவர் கையில் இருக்கும் புத்தகத்தின் அட்டையை எட்டிப் பார்த்து, 'சே, இதுவா!' என்று உதட்டைச் சுழிப்பது இன்ஸ்டாகிராம் காலத்து வியாதி என்றா நினைத்தீர்கள்? சோழர் காலத்திலேயே இருந்தது. சுழித்தவர் அமைச்சர். மாட்டிக்கொண்டவர் சாட்சாத் சக்கரவர்த்தி!

12-ம் நூற்றாண்டு. அநபாயச் சோழர் (இரண்டாம் குலோத்துங்கர் என்பார்கள்) சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்தார். மூழ்காமல்? ஹீரோ சீவகனுக்கு எட்டுக் கல்யாணம். அதனாலேயே 'மணநூல்' என்று அதற்கு இன்னொரு பெயர். எழுதியவர் திருத்தக்கதேவர் என்ற சமணத் துறவி. 'துறவிக்குக் காதலைப் பற்றி எழுத வருமா?' என்று புலவர்கள் சீண்டியதால் வீம்புக்கு எழுதினார் என்று ஒரு கதை உண்டு. ஒரே ஒரு கல்யாணத்தோடு அடங்குகிற வீம்பா அது!

அமைச்சர் சேக்கிழாருக்குப் பொறுக்கவில்லை. சமணர் கதையில் ராஜா இப்படிச் சொக்கிப் போவதாவது! நீங்கள் செய்வது நெல்லை விட்டு உமி குத்துகிற வேலை, கறவையை விட்டு மலட்டு மாட்டைக் கறக்கிற வேலை, கரும்பை விட்டு இரும்பைக் கடிக்கிற வேலை என்று உவமையாக அடுக்கித் தள்ளினாராம். முதலாளியிடம் இவ்வளவு பேசிவிட்டு மறுநாளும் ஆபீஸ் போக நம்மில் எத்தனை பேருக்கு முடியும்?

ராஜா கோபப்படவில்லை. 'சரி, வேறு எதைத்தான் படிப்பது?' என்றார். சேக்கிழார் சிவனடியார்களின் கதையைச் சொல்ல, 'அதையே எழுதிக் கொடுங்கள்' என்று உத்தரவாயிற்று. தில்லையில் பெரியபுராணம் பிறந்தது. அரங்கேற்றம் முடிந்ததும் ஆசிரியரை யானைமேல் ஏற்றி, ராஜாவே பின்னால் உட்கார்ந்து கவரி வீசினாராம். புக் லாஞ்ச் என்றால் இதுவல்லவா புக் லாஞ்ச்! 'அந்தப் புத்தகத்தைக் கீழே போடுங்கள், என்னுடையதைப் படியுங்கள்' என்று சொல்லி ஜெயித்த எழுத்தாளரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அங்கிருந்து ஒரே தாவலாக 1880 அக்டோபருக்கு வாருங்கள். ஊர், கும்பகோணம். அரசாங்கக் கல்லூரியின் புதுத் தமிழ்ப் பண்டிதர் உ.வே.சாமிநாத ஐயருக்கு வயது 25. ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்த்துவிட்டு வரலாமே என்று போனார். போன பிறகுதான் தெரிந்தது, நடப்பது மரியாதைச் சந்திப்பு இல்லை, குறுக்கு விசாரணை!

யாரிடம் படித்தீர்கள்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம். அந்தப் பெயரைக் கேட்டால் தஞ்சாவூர் ஜில்லாவே கையெடுத்துக் கும்பிடும். முன்சீப் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. என்னென்ன படித்தீர்கள்? ஐயர் உற்சாகமாக ஆரம்பித்தார். அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், தூதுகள். பட்டியல் நீளமாகப் போயிற்று. முதலியார் ஒரே போடாகப் போட்டார்: இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம்?

ஐயர் அசரவில்லை. நைடதத்தையும் புராணங்களையும் இறக்கினார். ம்ஹூம். கடைசியாகக் கம்பராமாயணம் என்ற பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். முன்சீப் முகம் லேசாகத் தெளிந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வி: சிந்தாமணி படித்திருக்கிறீர்களா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? மூன்றையுமே ஐயர் படித்ததில்லை!

கவனித்தீர்களா? சோழர் அரண்மனையில் 'இதையா படிக்கிறீர்கள்?' என்று திட்டு வாங்கித் தந்த அதே சிந்தாமணி, காவிரிக்கரை முன்சீப் வீட்டில் 'இதைக்கூடப் படிக்கவில்லையா?' ஆகிவிட்டது. சிந்தாமணியிலிருந்து ஓர் அகப்பை முகந்துகொண்டேன் என்று கம்பரே சொன்னதாக ஒரு பழங்கதை இருக்கிறது. அகப்பையை ரசித்து ரசித்துச் சாப்பிட்ட ஐயருக்கு அதுவரை அண்டாவைக் காட்ட ஆளில்லை!

பிறகு முதலியார் தந்த பிரதியை வைத்துக்கொண்டு ஐயர் படிக்க உட்கார்ந்தார். சமண சமய விஷயங்கள் புரியவில்லை. சரி, சமணர்களையே கேட்போம் என்று அதே ஊரில் அவர்கள் வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தார். ஒருநாள் போனால் வாசலெல்லாம் மாக்கோலம். என்ன விசேஷம்? மாதக்கணக்காக வீட்டில் நடந்த சிந்தாமணி பாராயணம் அன்றைக்குப் பூர்த்தியாம்! தமிழே மறந்துவிட்ட நூல் என்று படித்தவர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, நாலு தெரு தள்ளிக் கோலம் போட்டுக் கொண்டாடியிருக்கிறார்கள். காணாமல் போனது புத்தகம் இல்லை, அந்தத் தெருவுக்குப் போகிற பண்டிதர்கள்தான்.

இதில் வெள்ளைக்காரன் மட்டும் லேசுப்பட்டவனா? 1602-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தன் பெயரில் பிரமாதமான நூலகம் திறந்த சர் தாமஸ் பாட்லி, நாடகம், பஞ்சாங்கம் மாதிரிக் குப்பையெல்லாம் உள்ளே வரக்கூடாது என்று 1612-ல் நூலகருக்குக் கடிதமே எழுதினார். அப்போது ஷேக்ஸ்பியர் என்றொரு குப்பைக்காரர் உயிரோடுதான் இருந்தார்!

பாட்லி கண்மூடிய பிறகு, 1623-ல் வெளியான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பின் முதல் பதிப்பு எப்படியோ நூலகத்துக்குள் நுழைந்துவிட்டது. 1660-களில் புதுப் பதிப்பு வந்ததும் 'பழசு எதற்கு?' என்று அதை வேண்டாதவற்றோடு தள்ளிவிட்டார்கள். 1905-ல் ஒருவர் ஒரு பழைய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, பைண்டிங்கை எப்படிச் சரிசெய்வது என்று அங்கேயே யோசனை கேட்டார். பார்த்தால், நம்ம காப்பி! ஊரெல்லாம் நன்கொடை திரட்டி, 1906-ல் 3,000 பவுண்டு கொடுத்து மீட்டார்கள். பழைய பேப்பர் கடையில் போட்டதை நகைக்கடை விலைக்குத் திருப்பி வாங்குவதற்கு நிஜமாகவே பெரிய படிப்பு வேண்டும்.

முதலியாரும் நக்கலடித்தார், பாட்லியும் நக்கலடித்தார். ஆனால் முதலியார் நக்கலோடு நிற்கவில்லை, புத்தகத்தைக் கையில் கொடுத்தார். சேக்கிழார் அதற்கும் ஒரு படி மேலே போய் எழுதியே கொடுத்தார். ஐயர் 1887-ல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்து, சிலம்பு, மணிமேகலை, சங்க நூல்கள் என்று நிற்காமல் போனார். கையோடு, முன்சீப் 'என்ன பிரயோஜனம்?' என்று கேட்ட பிரபந்தங்களையும் விடாமல் பதிப்பித்தார். குருநாதரின் பிரபந்தங்களைத் திரட்டிப் புத்தகமே போட்டார். வெட்கப்பட்டதற்காகப் பழைய ரசனையைத் தூக்கிப் போடவில்லை மனுஷர்!

ஆகவே, பக்கத்து சீட்டுக்காரர் ராஜேஷ்குமார் படித்தாலும் சரி, ராசிபலன் படித்தாலும் சரி, உங்களுக்கு உதடு சுழித்தே ஆகவேண்டும் என்றால் தாராளமாகச் சுழியுங்கள். ஒரே ஒரு கண்டிஷன்: உங்களிடம் இருக்கும் அந்த உசத்தியான புத்தகத்தை அவருக்கு உடனே இரவல் கொடுத்துவிட வேண்டும். இரவல் போன புத்தகம் வீடு திரும்பாது என்கிற பயத்திலேயே நாட்டில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். மீதிப் பேர் இன்னும் சீக்கிரம் மூடிக்கொள்வார்கள். அவர்களும் அதைப் படித்திருக்க மாட்டார்களே!