குபேரத் திசையும் அரைச் சதமும்

மெல்பேர்னின் தென்கிழக்குப் புறநகரில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து மாமா ஒருவர், கூரையின் வடக்குச் சரிவில் 6.6 கிலோவாட் சோலார் பேனல்களை ஏற்றினார். தென்னரைக்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்துதான் சாய்ந்து விழும், அதனால் அந்தப் பக்கம். பொருத்த வந்தவர் சொன்ன காரணம் இது. மாமாவுக்கு வேறொரு காரணமும் இருந்தது: வடக்கு குபேரனின் திசை.

குபேரன் முந்தி வந்தவர்களைக் கைவிடவில்லை. விக்டோரியா மாநிலத்தில் 2009 நவம்பரில் தொடங்கிய திட்டத்தில், மிஞ்சிய மின்சாரத்துக்கு யூனிட் 60 சதம் கிடைத்தது. சேர்ந்தவர்கள் 2024 வரை அனுபவித்தார்கள். மாமா பிந்தி வந்தவர். 2025–26க்கு மாநில ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த குறைந்தபட்ச விலையோ யூனிட்டுக்கு 0.04 சதம். ஆஸ்திரேலியாவின் ஆகச் சிறிய நாணயம் ஐந்து சதம். அதைச் சம்பாதிக்க 125 யூனிட் விற்க வேண்டும். நல்ல கோடையிலும் கூரைக்கு அது நாலு நாள் உழைப்பு.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தைக்கு எல்லாரும் ஒரே காலையில் முருங்கைக்காய் கொண்டுபோனால் என்ன விலை போகும்? நாட்டில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகள் ஒரே மத்தியானத்தில் விளைகின்றன. சில நாள் மொத்தச் சந்தையில் விலை சுழியத்துக்கும் கீழே இறங்கிவிடும். மின்சாரத்தையும் கொடுத்து, எடுப்பவருக்குக் காசும் கொடுக்க வேண்டும். அதே மின்சாரத்தை மாலையில் மாமா திரும்ப வாங்கினால் யூனிட் ஏறத்தாழ 30 சதம்.

ஆகவே வீட்டில் புதுச் சட்டம் வந்தது. உடுப்புத் தோய்ப்பது, அயன் பண்ணுவது, உழுந்து அரைப்பது எல்லாம் இனி உச்சி வெயிலில். கைப்பேசிச் செயலியில் கோடு ஏறினால் மாமா கட்டளையிடுவார், இறங்கினால் தடை போடுவார். மெல்பேர்ன் வானமோ ஒரு நாளில் நாலு பருவமும் காட்டுவது.

“மேகம் வந்திட்டுது, அடுப்பை நிப்பாட்டும்!”

“அப்ப மேகம் போகுமட்டும் வடை எண்ணெய்க்குள்ளயே கிடக்கட்டோ?” என்றார் மாமி.

மகள்தான் ஒரு நாள் கணக்குப் பார்த்தாள். 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் இரண்டு சதம். மாமா காவல் காத்தது அந்த இரண்டு சதத்தை. பின்வளவில் நின்ற சுடுதண்ணீர்த் தொட்டியை யாரும் கவனிக்கவில்லை. 250 லிட்டரை 15 பாகையிலிருந்து 60க்குக் கொண்டுபோக 13 யூனிட் வேண்டும். அதையே விற்றால் அரைச் சதம்! தொட்டியோ இரவில், காசுக்கு வாங்கிய மின்சாரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. விக்டோரியாவின் லாட்ரோப் பள்ளத்தாக்கிலுள்ள நிலக்கரி மின்நிலையங்களை இரவில் அணைப்பது சிரமம் என்பதால், மிஞ்சியதை மலிவாகக் கொடுத்துத் தண்ணீரைச் சூடாக்க வைத்த காலத்து ஏற்பாடு அது. இப்போது மிஞ்சுவது பகலில். பக்கத்துத் தென் ஆஸ்திரேலியா 2020இலேயே காலை பத்து முதல் மாலை மூன்று வரைக்கென மலிவான கட்டணம் கொண்டுவந்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் வந்து இணைப்பை மாற்றி டைமர் வைத்தார். டைமருக்கு மேகம் தெரியாது. வீட்டுத் தேவை போக மிஞ்சுவதை மட்டும் தொட்டிக்குத் திருப்பும் கருவியும் உண்டு, விலை கூட. அன்று முதல் மாமா விருந்தாளிகளை மத்தியானத்தில் குளிக்கச் சொன்னார். தண்ணீர் இரவு வரை சூடாகவே இருக்கும், தொட்டியே ஒரு பேட்டரிதான் என்று மகள் விளக்க வேண்டியிருந்தது.

உண்மையான பேட்டரிக்கு 2025 ஜூலையிலிருந்து மத்திய அரசு ஏறத்தாழ முப்பது வீதம் தள்ளுபடி தருகிறது. மாமா விலைப்பட்டியல்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

அதற்கிடையில் இன்னொரு தகராறு. வெயில் எரிக்கிற நேரத்தில், ஓசி மின்சாரம் வீணாகிறதென்று உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தைப் போடச் சொல்கிறார் மாமா. மாமி ஈரத் துணிக் கூடையோடு நேரே பின்வளவுக் கொடிக்குப் போய்விடுகிறார். செயலியில் அதற்கொரு கோடு இல்லாததால், மாமா அதை இன்னும் சேமிப்புக் கணக்கில் சேர்க்கவில்லை.