முப்பத்தைந்து மரபும் அதற்கு எழுந்த மறுப்புகளும்: கல்லுப்பட்டிக் காற்றியல் குறித்த ஓர் ஆய்வு

நடுகல் பற்றி நூல்கள் உண்டு, நாட்டுக்கோழி பற்றிக் கருத்தரங்குகள் உண்டு. பெட்ரோல் பங்க்கின் ஓரத்தில் சுருண்டு கிடக்கும் காற்றுக் குழாயை மட்டும் தமிழ் ஆய்வுலகம் ஏனோ தாண்டிப் போய்விட்டது. அந்தக் குறையைத் தீர்க்க மதுரை மாவட்டத்தின் டி. கல்லுப்பட்டியைவிடத் தோதான களம் அமையாது. மாநிலத் தொல்லியல் துறை இங்கே ஏற்கெனவே குழி தோண்டிப் பானை ஓடுகளை எடுத்துப் போய்விட்டது. நிலைத்த பொருளாதாரம் பற்றி எழுதிய ஜே.சி. குமரப்பா, தம் கடைசி ஆண்டுகளை இங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960இல் மறைந்தார். மண்ணும் பொருளாதாரமும் இப்படிக் கைமாறிய பிறகு, அடுத்து வரும் ஆய்வாளனுக்கு மிச்சமிருப்பது காற்றுதான்.

காற்றுக்கு இங்கே கிராக்கியும் உண்டு. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 ஊர் வழியாகத்தான் செல்கிறது. குற்றாலச் சீசன் என்றால் வரிசை கட்டி வரும் கார்களில் பாதி, காற்றுக்காக ஓரங்கட்டும்.

முதலில் ஆய்வுப்பொருளை வரையறுக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்கு இத்தாலியில் ஒரு பொருள், பேரையூர் விலக்கில் ஒரு பொருள். இங்கே அது கைமாறி வந்த ஸ்விஃப்ட். பின்னால் ஒரு ஸ்பாய்லர், தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடும் சைலன்சர், கறுப்பு அலாய் வீல். சுசுகி நிறுவனம் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என்றே ஒரு காரை ஜப்பானில் விற்றது. இந்தியாவுக்கு அதைக் கொண்டுவரவில்லை. அந்தக் குறையைத் திருமங்கலத்து ஸ்டிக்கர் கடைகள் நிவர்த்தி செய்துவிட்டன.

இத்தகைய காரில் செய்யப்படும் முதல் திருப்பணி டயர் மாற்றம். கம்பெனி கொடுத்தது 185/65 ஆர்15. உரிமையாளர் ஏற்றுவது 195/55 ஆர்16. இந்தக் குறியீடே தனி ஆராய்ச்சிக்கு உரியது. அகலம் மில்லிமீட்டரில், உயரம் அந்த அகலத்தின் சதவீதத்தில், ரிம் மட்டும் அங்குலத்தில். மூன்று நாட்டார் ஒரே பந்தியில் உட்கார்ந்து மூன்று பாஷையில் சாம்பார் கேட்பது போன்ற ஏற்பாடு. ஆனாலும் கணக்குப் போட்டால் பழைய டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ., புதியதன் விட்டம் 620.9 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஆகவே ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. இதுவரை உரிமையாளர் செய்தது சரி.

சிக்கல், பங்க்கில் குழாயைக் கையில் பிடித்த பையன் கேட்கும் கேள்வியில் தொடங்குகிறது.

"அண்ணே, எவ்வளவு வைக்க?"

"நாலுலயும் முப்பத்தஞ்சு வச்சிரு தம்பி."

இதுவே முப்பத்தைந்து மரபு. இதன் தோற்றுவாய் தெரியவில்லை; தந்தையிடமிருந்து மகனுக்கும், டிரைவரிடமிருந்து முதலாளிக்கும் வாய்மொழியாக வந்து சேர்ந்திருக்கிறது. கார் எது, டயர் எது, ஏறுவோர் எத்தனை பேர் என்ற கேள்விகளை இம்மரபு அநாவசியம் எனத் தள்ளுகிறது.

இதற்கு எதிர்க்கட்சி சுவரெழுத்தார். டயரின் பக்கச்சுவரில் குனிந்து பார்த்து, "இதுல அம்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு, நீ என்னடா முப்பத்தஞ்சு அடிக்கிறே?" என்று கேட்பவர்கள். அங்கே எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். வைக்கச் சொன்ன அழுத்தம் அல்ல. லிஃப்டில் எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, எட்டாவது ஆளுக்காகக் காத்து நிற்பவர்களுக்கும் இவர்களுக்கும் உறவுமுறை இருக்க வேண்டும்.

மூன்றாம் சாரார் மூலநூலார். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். குறைந்த ஆளுக்கு இவ்வளவு, நிறைந்த பாரத்துக்கு இவ்வளவு என்று முன்சக்கரம், பின்சக்கரம் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஆய்வாளர் கையில் கிடைக்கும் பிரதிகள் பெரும்பாலும் சிதைந்தவை. வாட்டர் வாஷில் பின்சக்கர வரி அழிந்திருக்கும். எஞ்சிய வரியின் மேல் முந்தைய உரிமையாளர் குலதெய்வத்தின் படத்தை ஒட்டியிருப்பார். இருந்தாலும் மூலம் மூலம்தான். இக்கட்டுரை சாய்வதும் அதன் பக்கமே, ஒரு திருத்தத்தோடு.

திருத்தம் வேண்டியதற்குக் காரணம், ஸ்டிக்கர் பழைய டயருக்காக எழுதப்பட்டது. அளவுக்குப் பின்னால் வரும் எண்ணை யாரும் படிப்பதில்லை. 185/65 ஆர்15 டயரில் வழக்கமாக 88 என்றிருக்கும். ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 195/55 ஆர்16 டயரில் 87. அதாவது 545 கிலோ. காசு கொடுத்து அகலமான டயர் போட்டவர், தாங்கும் திறனில் 15 கிலோவை இழந்திருக்கிறார். பாரத்தைச் சுமப்பது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. பக்கச்சுவர் குட்டையானபோது காற்றுக்கு இடம் குறைந்துபோனது. அதே பாரத்தைச் சுமக்க அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றியாக வேண்டும். ஸ்டிக்கரில் 33 என்றிருந்தால் 34 போதும். இவ்வளவு ஆராய்ச்சியின் விளைச்சல் ஒரே ஒரு பிஎஸ்ஐ என்பதில் ஆய்வாளர்களுக்குச் சற்று வருத்தம்தான். கூடுதல் பாரத்துக்கென்று எக்ஸ்எல் எனக் குறித்த டயர்களாயிருந்தால் கணக்கு வேறு. அவற்றின் முழுத்திறன் 42 பிஎஸ்ஐயில்தான் வெளிப்படும்.

அகல டயர் போட்டால் ரோட்டைத் தொடும் பரப்பும் கூடும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே விசாரித்துவிடலாம். ஆட்களோடு 1,200 கிலோ என்று கொண்டால் சக்கரத்துக்கு 300 கிலோ. அதை 33 பிஎஸ்ஐ தாங்கும்போது தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 130 சதுர செ.மீ., ஓர் உள்ளங்கை அளவு. டயர் அகலமானாலும் அழுத்தம் மாறாதவரை பரப்பு பெரிதாக மாறாது. குறுக்கே நீண்டு, நெடுக்கே குறுகும். வளைவில் பிடிப்பு கூடுவது அந்த வடிவ மாற்றத்தால்தான். காற்று மிகுந்தால் நடு ரப்பர் தேயும். குறைந்தால் இரு ஓரமும் தேயும். பஞ்சர் கடை அண்ணன் டயரை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, "காத்து பாத்து ரொம்ப நாளாச்சோ?" என்று கேட்பது இந்தத் தடயத்தை வைத்துத்தான்.

இனி வெப்பம். மதுரையில் மே மாத மதியம். காலையில் 30 டிகிரியில் 33 வைத்த டயர், கல்லுப்பட்டி வந்து சேர்வதற்குள் உள்ளே 50 டிகிரியானால் கருவி 36 காட்டும். இது வாயுவின் இயல்பு. ஆனால் பையன், "அண்ணே, மூணு கூட இருக்கு" என்று உஸ்ஸென்று இறக்கிவிடுவான். மறுநாள் காலை அதே டயரில் 30தான் நிற்கும். ஸ்டிக்கர் எண் குளிர்ந்த டயருக்கானது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். பங்க் வீட்டு வாசலில் இல்லை என்பதே இந்த விதியைப் பின்பற்றுவதில் உள்ள ஒரே தடை.

குறைந்த காற்றை அற்பமாக நினைத்தவர்கள் பெரிய இடத்திலும் உண்டு. என்ஜினைப் பின்னால் வைத்த செவர்லே கோர்வேர் கார் 1960இல் வந்தபோது, முன்சக்கரத்துக்கு 15, பின்சக்கரத்துக்கு 26 என்றது கம்பெனி. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கார் நேராக நின்றது. பங்க்குகளில் நாலுக்கும் ஒரே அளவு அடித்தால் நிலைமை என்னாகும் என்று ரால்ஃப் நேடர் 1965இல் நூல் எழுதிக் கேட்டார். முப்பத்தைந்து மரபுக்கு அமெரிக்கக் கிளை ஒன்று இருந்திருக்கிறது. பிறகு ஃபோர்டு எக்ஸ்புளோரர் விவகாரம். கார் கம்பெனி சொன்னது 26. டயர் கம்பெனியான ஃபயர்ஸ்டோன் பின்னர் 30 வைக்கச் சொன்னது. டயர் பிரிந்து வண்டிகள் உருண்டு உயிர்கள் போக, 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதன் பின்விளைவாகவே, காற்று குறைந்தால் விளக்கெரியும் கருவி அங்கே கட்டாயமாயிற்று.

ஐப்பசி மழைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நாசாவில் வால்ட்டர் ஹார்ன் 1960களில் விமான டயர்களை வைத்துக் கண்ட சூத்திரப்படி, தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தைப் பொறுத்தது. 33 பிஎஸ்ஐக்கு மணிக்கு 96 கிலோமீட்டர். 25 ஆனால் 83. ராஜபாளையம் சாலையில் 83 என்பது சைலன்சர் இன்னும் முழுக்குரல் எடுக்காத வேகம்.

டயரால் தமிழருக்கு ஆதாயமும் வந்ததுண்டு. 2005 ஜூன் 19, இண்டியானபோலிஸ் பந்தயம். சாய்வான கடைசி வளைவின் பாரத்தைத் தங்கள் டயர் தாங்காது என்று மிஷெலின் சொல்லிவிட, 14 கார்கள் தொடக்கத்திலேயே ஒதுங்கின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. அவற்றில் நான்காவதாக வந்தவர் கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை.

நைட்ரஜன் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பங்க்கில் இலவசமாகத் தரவேண்டிய சாதாரணக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். நைட்ரஜனுக்கான பச்சை மூடிக்குப் பணம் கொடுப்பவர் வாங்குவது மீதி 22க்குக் கொஞ்சம் குறைவாக.

பாரம் பற்றிய கள ஆய்வை மாசி சிவராத்திரிக்கு வைத்துக்கொள்வது நலம். அன்று குலதெய்வக் கோயிலுக்குப் போகும் அதே ஸ்போர்ட்ஸ் காரில் பெரியவர்கள் ஐந்து, மடியில் பிள்ளைகள் இரண்டு, பொங்கல் பானை, விறகு, சில சமயம் சேவல். ஸ்டிக்கரின் இரண்டாவது கட்டம் இந்த நாளுக்காகவே எழுதப்பட்டது. அதில் பின்சக்கர எண் சற்றுத் தூக்கலாக இருக்கும். படிப்பவர் இல்லை.

கடைசியாக, எம்மரபும் பேசாத ஒரு பொருள் ஸ்டெப்னி. நாலும் 16 அங்குலத்துக்கு மாறிய பிறகும் அது பழைய 15 அங்குலமாகவே டிக்கிக்குள் கிடக்கிறது. அவசரத்துக்குப் போட்டுப் பக்கத்துப் பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டலாம். காற்று தானாகவும் இறங்கும் என்பதால் நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாக வைக்க வேண்டும். வைப்பதற்கு முதலில் அதன் மேல் ஸ்குரூ போட்டுப் பொருத்திய ஊஃபர் பெட்டியைக் கழற்ற வேண்டும்; கழற்றுவதற்கான ஸ்குரூ டிரைவர் ஊஃபருக்கு அடியில் இருக்கிறது.