மருமவன் நட்ட மரம்

வாரும் மருமவனே, திண்ணையில உக்காரும். நூறு கன்னு நட்டுட்டு வாறீராம், சட்டையில ஒரு பொட்டு மண்ணு ஒட்டலையே! பள்ளிக்கூடத்து மதிலோரம் நானும் போய்ப் பாத்தேன். ஒரு கன்னுக்கு நாலு பேரு கை குடுத்து போட்டோ எடுத்தியளாமே. அதுல கன்னு தெரியுதோ என்னமோ, உம்ம பல்லு நல்லாத் தெரியுது.

அது என்ன கன்னு? கோனோகார்பஸா? ஆடுகூட வாய் வைக்காதுன்னு வித்தவன் பெருமையாச் சொன்னானாக்கும். மனுசன் மட்டும் என்னத்தத் திங்க? அதை இனி நடாதீங்கன்னு சர்க்காரே சொல்லியாச்சு, உம்ம காதுக்கு எட்டலையோ? செல்போனு அங்கதான ஒட்டியிருக்கு. பேனர்ல மட்டும் 'பசியை ஒழிப்போம்'னு கொட்ட எழுத்து!

பசிக்கு நாள் குறிச்சுல்லா மரம் நடணும்வே. சீக்கிரம் வேணுமா, முருங்கை. 1989-ல பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்காரவிய பி.கே.எம்.-1னு ஒரு ரகம் விட்டாவ. வெதை போட்டா ஆறேழு மாசத்துல காய் புடிக்கும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் எத்தனை வீட்டு அடுப்பு அதுல எரியுது! செடி இடுப்புக்கு வந்ததும் கொழுந்தைக் கிள்ளிப் போடணும். கிள்ள மனசு வராம விட்டீரோ, ஒத்தைக் கம்பா மேல போயிரும். பெறவு காய் பறிக்க நீரு ஏணி தேடணும். மழை மாசத்துல கம்பளிப்பூச்சி அப்பும், அதனால வாசலை விட்டுத் தள்ளி வையும். இல்லன்னா உங்க அத்தை பந்தம் கொளுத்துற வேகத்துல பூச்சிக்கும் உமக்கும் வித்தியாசம் பாக்க மாட்டா.

அதுக்காக ஊரு முழுக்க முருங்கையா நட்டுறாதேயும். வரத்து கூடினா பறிப்புக்கூலிகூட மிஞ்சாது, மாட்டுக்குப் போட்ட வருசமெல்லாம் உண்டு. பண்ருட்டிக்காரவியளக் கேளும். 2011 டிசம்பர் 30, தானே புயல். பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சுது. மறுபடி நட்ட பலா காய்க்க வருசக்கணக்காவும், அதுவரைக்கும் வயிறு லீவு போடுமா? பலாவுக்கு ஊடால பப்பாளி, கொய்யா, வேலியோரம் அகத்தின்னு கலந்து வச்சாத்தான் ஒண்ணு கையை விரிச்சாலும் இன்னொண்ணு கஞ்சி ஊத்தும்.

பனையை மறந்துட்டீரே, மாநில மரம்லா அது! பதினஞ்சு வருசத்துக்கு மேல காத்துக் கிடக்கணும், பாளை தள்ளுற வரைக்கும் ஆணா பொண்ணான்னு மூச்சு விடாது. உமக்குப் பொறுமை பத்தாது. சரி, ஒரு வழி சொல்லுதேன். ஆவணி, புரட்டாசியில பனங்கொட்டையப் பொறுக்கி மணல் பாத்தியில அடுக்கி மூடும். பொங்கலுக்குத் தோண்டினா கிழங்கு, நாலு காசு பாக்கலாம். வரப்போரம் தள்ளித் தள்ளி நாலு கொட்டையப் புதைச்சுட்டு அப்படியே மறந்துரும். மறக்கதுல நீரு கெட்டிக்காரர்தான, அந்த மறதியில மரம் வந்து நிக்கும். ஏறத்தான் ஆள் கிடையாது. உடன்குடிக் கருப்பட்டி ஒரிஜினலா வேணும்னு ஒத்தக்காலுல நிக்கவன்லாம் பனையேறிக்குப் பொண்ணு குடுன்னா வாயே தொறக்க மாட்டாங்கான். நீரும்தான், தலையச் சொறியாதேயும்.

இன்னொண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது. சித்திரை வெயில்ல தண்ணி யாரு ஊத்துவா? நீரு பெங்களூருல ஏசியில இருப்பீரு, கன்னு இங்க 'மாமா, மாமா'ன்னு என்னையக் கூப்பிடும்.

மதிலோரத்துக் கன்னைப் புடுங்கிப் போடும், குழி இன்னும் ஈரமாத்தான் கிடக்கு. சத்துணவு சமைக்கிற அக்காகிட்டப் போய், எந்த இடம்னா அவளுக்குக் கீரை பறிக்கத் தோதுன்னு கேட்டு, அங்க நாலு முருங்கை வையும். மிச்சக் குழிக்குக் கொய்யாவும் நெல்லியும் நான் பாத்துக்கிடுதேன். பலகையில உம்ம பேரை அழிச்சுட்டு, தண்ணி ஊத்துறவ பேரை எழுதும். விசனப்படாதேயும் மருமவனே, காய் காய்ச்சதும் போட்டோவுக்கு உம்மளத்தான் கூப்பிடுவோம்.