ஈரத்துண்டின் டன் மதிப்பு

கத்திரி வெயிலில் ஏ.சி. நின்றுபோன வீட்டில் அறையைக் குளிர்விக்க முயல்வது வீண். ஆளைக் குளிர்வித்தால் போதும், அதற்கு ஈரத்துண்டு போதும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஃபிரிட்ஜும் காரும் கண்ணாடியும் ஆலை ஆலையாக உற்பத்தியாகும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் துண்டை ஒரு கருவியாக முன்மொழிவது துடுக்காகத் தோன்றலாம். ஆகவே கணக்கு. ஒரு டன் ஏ.சி. என்பதில் வரும் டன், பெட்டியின் எடையைக் குறிப்பதன்று. ஏறத்தாழ 900 கிலோ பனிக்கட்டி ஒரு நாளில் உருக இழுத்துக்கொள்ளும் வெப்பம் அது. அமெரிக்கப் பனிக்கட்டியைக் கப்பலில் வரவழைத்து, அதற்கென்றே 1842-இல் கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸ் எழுப்பிய சென்னைக்கு இந்த அளவை எளிதில் விளங்கும். இன்றைய கணக்கில் அது 3,500 வாட். சும்மா படுத்திருக்கும் மனித உடல் வெளிவிடுவதோ சுமார் 100 வாட். ஆக, ஒருவர் படுத்திருக்கும் அறையில் 35 பங்கு குளிரில் ஒன்றுதான் அவருக்கு. மீதி 34 பங்கும் சுவருக்கும் தளத்துக்கும் பீரோவுக்கும். பீரோவுக்கு வியர்த்ததாகச் சான்று இல்லை.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. 100 வாட்டை விரட்ட மணிக்கு 150 மில்லி போதும்; பிழிந்து போர்த்திய பருத்தித் துண்டில் அவ்வளவு ஈரம் தாராளமாக நிற்கும். கொதிக்கும் தளம் உடல்மீது இறக்கும் வெப்பத்தையும் சேர்த்து, ஆளுக்கு இரண்டு துண்டு என்று பெருந்தன்மையாக வைத்துக்கொள்வோம்.

புழுக்கத்தில் துண்டு காயாதே என்பது முதல் மறுப்பு. நியாயமானது. ஆனால் இவ்வூர்கள் கடலிலிருந்து தள்ளியிருப்பதால் கடற்காற்று பிந்தித்தான் வரும். அதுவரை வீசும் மேற்குக் காற்று வறண்டது. வெயில் உச்சத்தில் இருக்கும் அந்நேரமே துண்டு விரைந்து காயும் நேரமும். புழுக்கம் ஏறினால் சன்னலைத் திறந்து மின்விசிறியைச் சுழலவிட வேண்டும். மின்வெட்டு என்றாலும் ஏ.சி.யைத் தாங்காத வீட்டு இன்வெர்ட்டர் 75 வாட் விசிறியைத் தாங்கும். மொட்டை மாடி இருக்கையில் துண்டு எதற்கு என்பது இரண்டாம் மறுப்பு. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் படுப்பவருக்கு மொட்டை மாடி என்பது தோசைக்கல். இவ்வட்டாரத்தின் தூக்கத்தில் பெரும்பங்கு பகலில் நடப்பதை மறுப்பாளர் மறந்துவிட்டார். ஈரத்துண்டோடு உட்கார்ந்திருப்பது கௌரவக் குறைவு என்பது மூன்றாவது. "நாளைக்கு வந்துடறேன் சார்" என்று மெக்கானிக் சொன்ன பிறகு, அந்த நாளை வரும்வரை அவ்வீட்டில் காக்கப்பட வேண்டிய கௌரவம் எது என்பதை மறுப்பாளரே விளக்கட்டும்.

ஆய்வுக்கு எல்லை உண்டு. பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, துண்டோடு நின்றுவிடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். மற்றபடி ஒரே சிக்கல்தான் மிச்சம். ஏ.சி.க்கு நட்சத்திரம் வழங்குவோர் அது தரும் குளிரை, தின்னும் மின்சாரத்தால் வகுக்கிறார்கள். துண்டு தின்னும் மின்சாரம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்பது பள்ளிக்கூட விதி. ஈரத்துண்டுக்கு இன்றுவரை ஒரு நட்சத்திரமும் கிடைக்காததற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.