மிராண்டா வகுப்பு விண்கலமும் ரவாங் கன்சிலும்: ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஸ்டார் டிரெக் தொடர்களில் பறக்கும் விண்கலங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். தடித்த கையேடு, வெட்டுமுகப் படம், இஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்ற விளக்கம் என எதற்கும் பஞ்சமில்லை. ஆனால் எழுதியவர்களில் ஒருவரேனும் ரவாங்கில் குடியிருந்து விடியற்காலையில் கோலாலம்பூருக்குக் காடி ஓட்டியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையைக் களைய எழுந்ததே இவ்வாய்வு. மிராண்டா வகுப்பு விண்கலமும், ரவாங் சுங்கை சோவில் பிறந்த கன்சில் காடியும் ஓரினத்தவை என்பது இங்கு நிறுவப்படும். இரண்டின் நீண்ட ஆயுளுக்கும் காரணம் இரும்பும் அன்று, இஞ்சினும் அன்று என்பதும் காட்டப்படும். பிறகு எதுதான் காரணம் எனில், அதைக் கடைசிப் பகுதியில் வைத்திருக்கிறோம். முதலிலேயே சொல்லிவிட்டால் நடுவில் உள்ளதை யார் படிப்பார்?

1. ஆய்வுக்களம்: ஏன் ரவாங்?

விண்கல ஆய்வுக்கு ஹூஸ்டன் இருக்க, ஸ்ரீஹரிகோட்டா இருக்க, சிலாங்கூரின் ஈயச்சுரங்க ஊர் எதற்கு என்று கேட்போருக்கு இரண்டு சான்றுகள் போதும்.

முதலாவது மின்சாரம். மலாயாவில் முதன்முதலாக மின்சாரம் உற்பத்தியானது 1894இல், இதே ரவாங்கில். லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச்சுரங்க வேலைக்காக மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். கோலாலம்பூர் மகாமாரியம்மன் ஆலயத்தோடும் பத்துமலை முருகனோடும் சேர்த்துப் பேசப்படும் அதே தம்புசாமிப் பிள்ளைதான். கோவிலுக்காக அவரை நினைவில் வைத்திருக்கும் நாம், சுவிட்சைத் தட்டும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது கலம் கட்டும் தளம். ஸ்டார் டிரெக் உலகில் பெரிய கலங்கள் செவ்வாய்க் கோளின் உட்டோபியா பிளானிஷியா தளத்தில் உருவாகின்றன. மலேசியாவில் சிறிய காடிகள் ரவாங் சுங்கை சோவில் உருவாகின்றன. 1993இல் தொடங்கப்பட்ட பெரோடுவா நிறுவனம் 1994இல் தன் முதல் காடியாகக் கன்சிலை வெளியிட்டது. டைஹாட்சு மீராவை அடியொற்றிய உடல், மூன்று சிலிண்டர், 659 சிசி. 2009 வரை அது உற்பத்தியில் இருந்தது. ஏழு லட்சத்துக்கும் மேல் சாலைக்கு வந்தன. செவ்வாய்த் தளத்துக்கு இப்படிக் கணக்குச் சொல்ல ஆளில்லை.

2. முன்னாய்வுகளின் போக்கு

முன்னோர் ஆய்வுகள் எல்லாம் எண்டர்பிரைஸ் என்ற ஒரே கலத்தின் பின்னால் ஓடியவை. அமைச்சர் காடியைப் படம் பிடிக்கப் போட்டி போடும் நிருபர்களைப் போன்ற அந்த ஆய்வாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் நம்மவர் அந்த உலகில் எங்கே இருந்தார்கள் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

2017இல் வந்த 'டிஸ்கவரி' தொடரில் ஷென்சோ கலத்தின் தளபதியாக வந்தவர் ஈப்போவில் பிறந்த மிஷல் இயோ. அவர் ஏற்ற பிலிப்பா ஜோர்ஜியூ கதைப்படி லங்காவிக்காரர். மலேசிய வாடை வீசும் ஆங்கிலத்திலேயே அவர் கட்டளையிட்டது இந்நாட்டு ரசிகர்களைப் புல்லரிக்க வைத்தது. இரண்டாவது அத்தியாயத்தில் தளபதியும் போனார், கலமும் போயிற்று. புல்லரிப்பு மட்டும் மிச்சம்.

இதைவிட நமக்கு நெருக்கமான சான்று 1986இல் வெளிவந்த நான்காவது திரைப்படத்தில் உள்ளது. விண்ணிலிருந்து வரும் ஓர் உருளை, திமிங்கலங்களிடம் பேச விரும்பி, வழியில் பட்ட கலங்களின் மின்சாரத்தை எல்லாம் அணைத்துவிடுகிறது. முதலில் அணைவது சரடோகா என்ற மிராண்டா வகுப்புக் கலம். பிறகு யார்க்டவுன் என்ற கலத்தின் தளபதி திரையில் தோன்றி, மின்சாரம் போய்விட்டது, உயிரைக் காத்துக்கொள்ளக் கையில் கிடைத்ததை வைத்து ஒரு சூரியப் பாயை விரிக்கப் பார்க்கிறோம் என்று தகவல் சொல்கிறார். அந்தத் தளபதி வேறு யாருமல்லர், சென்னையில் பிறந்து, விம்பிள்டன் காலிறுதியை 1973இலும் 1981இலும் எட்டிய விஜய் அமிர்தராஜ்.

மற்றத் தளபதிகள் மின்சாரம் போனதும் விழிக்கிறார்கள். மதராஸ்காரர் மட்டும் மாற்று ஏற்பாட்டில் இறங்குகிறார். இது பயிற்சிப் பள்ளியில் கற்றதாக இருக்க வழியில்லை. மின்வெட்டில் வளர்ந்தவரின் அனிச்சைச் செயல் என்பதே எம் துணிபு. 1894இல் ரவாங்கில் ஒரு தமிழர் மின்சாரத்தைக் கொண்டுவந்தார். 23ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழர் அது இல்லாமல் சமாளிக்கிறார். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் மின்கட்டணம் எவ்வளவு ஏறியது என்பது தனி ஆய்வு.

3. மிராண்டா வகுப்பின் இலக்கணம்

1982இல் வந்த இரண்டாவது திரைப்படத்தில் ரிலையண்ட் என்ற பெயரோடு இவ்வகுப்பு அறிமுகமாயிற்று. எண்டர்பிரைஸோடு அது மோத வேண்டியிருந்ததால், எது எந்தக் கலம் என்று பார்ப்பவர் குழம்பாதிருக்க வேறு உருவம் தேவைப்பட்டது. எண்டர்பிரைஸுக்குத் தட்டும் கழுத்தும் தனி உடலும் உண்டு. மிராண்டாவுக்குக் கழுத்து கிடையாது. தட்டின் பின்புறமே உடல்; அடியில் இரண்டு இஞ்சின் குழல்கள்; மேலே ஒரு வளைவு. அவ்வளவுதான்.

இஞ்சின்கள் அடியில் போனதற்கும் ஒரு கதை உண்டு. வரைபடத்தில் அவை மேலேதான் இருந்தனவாம். தயாரிப்பாளர் ஹார்வ் பென்னட் படத்தைத் தலைகீழாகப் பிடித்து, நன்றாயிருக்கிறது என்று கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். அவரிடம் போய்ச் சொல்வதைவிடக் கலத்தைக் கவிழ்ப்பது எளிது என்று கவிழ்த்துவிட்டார்கள் என்பது படத்தில் வேலை செய்தவர்கள் சொல்வது. அலுவலகத்தில் வேலை பார்த்த யாரும் இக்கதையை ஐயுற மாட்டார்.

4. ஒப்புமைகள்

4.1 உட்பிரிவுகள். ரிலையண்டுக்கு மேல் வளைவு உண்டு. 1989இல் தொலைக்காட்சித் தொடரில் வந்த லான்ட்ரீக்கு அது இல்லை. 1992இல் வந்த போஸ்மனுக்கு நாலாபுறமும் புடைப்புகளை ஒட்டி, சோயுஸ் வகுப்பு என்று புதுப்பெயரும் வைத்தார்கள். ரவாங்கிலும் இதே நிலைதான். ஸ்பாய்லர் வைத்த கன்சில், ஸ்பாய்லர் விழுந்த கன்சில், ஹாஃப் கட் கடையில் வாங்கிய ஜப்பானிய டர்போ இஞ்சினை உள்ளே திணித்த கன்சில் என மூவகை உண்டு. மூன்றாம் வகை விளக்குச் சந்திப்பில் பெரிய காடிகளை வெட்கப்படுத்தும். போஸ்மனைப் போலவே அதையும் புஸ்பாகோம் சோதனைக்குக் கொண்டுபோகாதிருப்பது நலம்.

போஸ்மன் பற்றி இன்னொரு குறிப்பு. காலச்சுழலில் சிக்கிய எண்டர்பிரைஸின் மேல் அது அதே இடத்தில் திரும்பத் திரும்ப மோதுகிறது. ஒவ்வொரு மோதலுக்கும் என்.சி.டி. கழிவு பறிபோனால் அந்தத் தளபதியின் காப்புறுதிச் சந்தா என்ன ஆகும் என்பதை எந்த ஆய்வாளரும் கணக்கிடவில்லை.

4.2 ஆற்றல் பகிர்வு. சண்டை முற்றும்போது விண்கலத் தளபதி, மற்ற வேலைகளை நிறுத்தி ஆற்றல் முழுவதையும் கவசத்துக்குத் திருப்பச் சொல்வார். அறிவியல் புனைவின் உச்சம் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். 659 சிசி காடியில் ஐந்து பேர் ஏறிக் கெந்திங் மலைக்குப் போன எவரும் இதைச் செய்திருக்கிறார். பாதி ஏற்றத்தில் ஓட்டுநர் "ஏர்கோனை அடை" என்பார். உடனே அடைக்கப்படும். கண்ணாடிகள் இறங்கும். பின்சீட்டில் இருக்கும் அத்தை வியர்த்தபடி முருகனைக் கூப்பிடுவார். காடி ஏறிவிடும். விண்கலத்தில் இல்லாத ஒரே உறுப்பு அத்தை.

4.3 திசையறிவு. ரிலையண்ட் உயிரற்ற ஒரு கோளைத் தேடிப் போகிறது. சேட்டி ஆல்ஃபா மண்டலத்தில் ஆறாவது கோள் என்று நினைத்து ஐந்தாவதில் இறங்கி, அங்கே கைவிடப்பட்டிருந்த கான் என்பவனிடம் மாட்டிக்கொள்கிறது. ஆறாவது கோள் எப்போதோ வெடித்துப் போனது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பிளஸ் நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது ரவாங் டோலைத் தவறவிட்டுச் சுங்கை புவாயாவில் இறங்கியவர்கள் இந்தத் தளபதியைப் பார்த்துச் சிரிக்க உரிமையற்றவர்கள்.

4.4 பூட்டு. ஒரே படத்தில் ரிலையண்ட் இரண்டு முறை பறிபோகிறது. முதலில் கான் கலத்தையே கடத்துகிறான். பிறகு எண்டர்பிரைஸில் இருக்கும் அட்மிரல் கிர்க், 16309 என்ற ஐந்து இலக்க எண்ணைத் தூரத்திலிருந்தே அனுப்பி அதன் கவசத்தை இறக்கிவிடுகிறார். இத்தனை நூற்றாண்டு முன்னேறிய நாகரிகத்துக்கு ஒரு ஸ்டீரிங் லாக் போடத் தோன்றவில்லை. ரவாங் ஒட்டுக்கடை வாசலில் தே தாரிக் குடிக்கும் ஐந்து நிமிடத்துக்குக்கூட நம்மவர் மஞ்சள் நிற இரும்புத் தடியைப் பூட்டிவிட்டுத்தான் இறங்குகிறார்.

4.5 ஆயுள். இதுவே ஆய்வின் மையம். கதைக் கணக்கில் ரிலையண்ட் 2285இல் ஓடுகிறது. 2374இல் நடக்கும் டொமினியன் போரிலும் மிராண்டாக்கள் முன்வரிசையில் நின்று அடிவாங்குகின்றன. ஏறக்குறைய 90 ஆண்டு. மாறாக, குடும்பங்களும் பள்ளிக்கூடமும் உள்ளே இருந்த கேலக்ஸி வகுப்பு எண்டர்பிரைஸ் 2363இல் புறப்பட்டு 2371இல் ஒரு கோளின் காட்டில் தரையைத் தேய்த்துக்கொண்டு விழுந்தது. எட்டே ஆண்டு, கடன் கட்டி முடிந்திருக்காது. அந்த விழுகையைத் திரையில் காட்டிய ஆண்டு 1994. அதே ஆண்டில்தான் சுங்கை சோவிலிருந்து முதல் கன்சில் வெளியே வந்தது. தற்செயல் என்பார் என்க.

லான்ட்ரீயின் கதை இன்னும் கூர்மையானது. அதன் மாலுமிகள் அனைவரும் விரைந்து முதுமையடையும் நோயால், அதாவது வயதாகி, இறந்துவிடுகிறார்கள். கலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தாத்தா போய்விட்டார், கன்சில் இன்னும் ஒரே முறையில் ஸ்டார்ட் ஆகிறது என்ற நிலை. இந்நிலையில் எண்டர்பிரைஸ் என்ன செய்தது? நோய் பரவும் என்று அந்த ஓடக்கூடிய கலத்தைச் சுட்டுத் தள்ளிவிட்டது.

5. ஐயமும் விடையும்

அஃதேல், மிராண்டா நெடுங்காலம் ஓடியது அதன் கட்டுமான உறுதியால் அன்றோ எனின், அன்று. உறுதி இருந்தால் போரில் அப்பளமாய் நொறுங்குமா? அப்போரைக் காட்டி 1997இல் வந்த தொடர் அத்தியாயத்தில் டிஃபையண்ட் என்ற கலத்துக்குத் துணைக்குப் போன மெஜஸ்டிக், சிட்டாக் என்ற இரண்டு மிராண்டாக்கள் கண்ணெதிரே வெடித்தன. கன்சிலும் அவ்வாறே; அதன் தகரத்தின் கனத்தைப் புகழ்ந்து எவரும் பேசியதில்லை.

அஃதேல், உதிரிப்பாகம் எளிதில் கிடைப்பதாலோ எனின், ஓரளவு ஆம். ஆனால் அது விளைவு, காரணம் அன்று. நிறையப் பேர் விடாமல் ஓட்டுவதால்தான் பாகம் கிடைக்கிறது. ஏன் விடாமல் ஓட்டுகிறார்கள்?

இக்கேள்வியை ரவாங்கில் வொர்க்ஷாப் வைத்திருக்கும் ஒரு போமெனிடம் முன்வைத்தோம். கன்சிலுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி அவர் சொன்ன விடை: "புதுசு வாங்க காசு இருந்தா இத ஏன் சார் கொண்டு வர்றாங்க?"

விண்வெளிக்கும் இவ்விடை பொருந்துமா? மேற்சொன்ன 1986ஆம் ஆண்டுப் படத்தைக் காண்க. அதில் இருபதாம் நூற்றாண்டுக்கு வரும் கிர்க், இவர்கள் இன்னும் பணத்தைப் பயன்படுத்துகிறார்களே என்று வியக்கிறார். எதிர்காலத்தில் பணம் ஒழிந்துவிட்டதாம். ஆனால் அதே படத்தில் வரும் சரடோகா யார்? நான்கு ஆண்டுகளுக்கு முன் ரிலையண்டாக நடித்த அதே மாதிரி உரு. பெயரை மாற்றி மறுபடி மேடையேற்றியது. பின்னர் தொலைக்காட்சியில் லான்ட்ரீயும் அதுவே, புடைப்பு ஒட்டிய போஸ்மனும் அதுவே. புது உரு செய்யச் செலவு அதிகம். வாராவாரம் ஓடும் தொடருக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே கதையில் 90 ஆண்டு உழைத்த கலம், படப்பிடிப்புத் தளத்தில் புதிது செய்யக் காசில்லாததால் உழைத்தது. பணமே இல்லாத உலகத்தைக் கற்பனை செய்தவர்களால் பணமில்லாமல் அதைப் படமெடுக்க முடியவில்லை.

6. முடிவும் பரிந்துரையும்

இதனால் பெறப்படும் விதி: ஒரு கலத்தின் ஆயுள், அதற்குப் பதில் வேறொன்று வாங்க வக்கில்லாத காலத்துக்குச் சமம். பெருமைக்குரிய கலங்கள் எட்டாண்டில் விழும். சிறியவை, வேறு வழியில்லாத மனிதர்களைச் சுமந்து, சாலையை ஓடவைத்துக்கொண்டிருக்கும். கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் ரவாங்குக்கும் இடையே பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கியதும், பூக்கடைச் சரக்கை ஏற்றியதும், கல்யாணத்துக்கு நான்கு பேருக்குப் பதில் ஏழு பேரைக் கொண்டுபோனதும் பெர்டானா போன்ற பெரிய காடி அன்று.

பரிந்துரைகள் இரண்டு. ஒன்று, விண்கலப் பயிற்சிப் பள்ளி மாணவர்களை இஞ்சின் கோட்பாடு கற்பிக்குமுன் மூன்று மாதம் ரவாங் வொர்க்ஷாப்புக்கு அனுப்ப வேண்டும். கம்பி, கயிறு, சோப்புக்கட்டி ஆகிய மூன்றின் பயன்களை அவர்கள் அங்கே அறிவார்கள்.

இரண்டு, இனி ஆளில்லாத மிராண்டா எதையும் சுடுவதற்கு முன் எண்டர்பிரைஸ் ஒருமுறை ரவாங்கில் விசாரிக்கட்டும். நோய் இருக்கிறது என்று சொல்லுங்கள், பரவாயில்லை. பத்து நிமிடத்தில் ஐந்து பேர் வந்து, ஒருவர் டயரை உதைத்து, ஒருவர் பொன்னெட்டைத் திறந்து, மூன்றாமவர் கேட்பார்: "பெயின்ட் போயிருக்கு பாஸ். கடைசி விலை எவ்வளவு?"